நாலாவது பேர்

தண்ணீர்மலையான் துணை

சிடாம் கிரி, இரண்டாம் டிவிசன் லயன்,
சுபானு வருடம் சித்திரை 7, செவ்வாய்க்கிழமை.
(ஜப்பான்காரர் கணக்கில் 2603 என்றும் போட வேண்டுமாம். போட்டுவிட்டேன்.)

என்னோடு ஒரே தட்டில் கஞ்சி குடித்து வளர்ந்த அண்ணன் அய்யாவு அவர்களுக்கு, தங்கை மருதம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். சுகம் என்று எழுதுவது மரியாதை என்பதால் எழுதினேன். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்கிறவர்களுக்கு என்ன சுகம் உண்டோ அந்தச் சுகம். அங்கே உங்கள் சுகமும் அண்ணி, பிள்ளைகள் சுகமும் அறிய ஆசை. ராகுகாலத்துக்கு முன் இந்தக் கடிதத்தை முடித்துவிடப் பார்க்கிறேன். ஆனால் ஜப்பான்காரன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்த நாளிலிருந்து ராகு எந்த மணியைப் பார்த்து வருகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. கோயில் பண்டாரத்தைக் கேட்டால், "ரெண்டுக்கும் பயந்துக்க ஆத்தா" என்கிறார். ஆகவே செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டு ராகுகாலம். அந்த இரண்டுக்கும் முன்னால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தால் படகுப் பந்தயத்துப் பழைய முடிவு அச்சடித்திருக்கும். வேறு காகிதம் இல்லை. விஷயமும் அதைப் பற்றியதுதான்.

போன வாரம் வண்டிக்காரப் பிச்சையிடம் உங்களுக்கு வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பினேன். அவன் போகிற வழியில் எதற்குப் போகிறோம் என்பதையே மறக்கிறவன். ஒரு முறை டவுனில் மாட்டையும் வண்டியையும் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்து ஓடினான். அவனை நம்பி இருக்க முடியாது என்பதால் விவரமாக எழுதுகிறேன். அண்ணன் இதை ஆபீசில் வைத்துப் படிக்காமல் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். உங்கள் மச்சான் பேரைப் பட்டியலில் விட்டுவிட்டார்கள்.

துரைமார் கிளப்பில் நம் ஆட்களை வாசல் கூட்டத்தான் விடுவார்கள் என்பதால், சுங்கை பட்டாணி டவுனில் கணக்கெழுதும் கிராணிமாரும் ஆஸ்பத்திரி டிரேசர்மாரும் வாத்தியார்மாரும் கூடி மெர்போக் ஆற்றில் தாங்களே ஒரு பாய்ப்படகுச் சங்கம் தொடங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாப் படகும் பன்னிரண்டடி, எல்லாப் பாயும் ஒரே அளவு. காசுள்ளவன் பெரிய பாய் கட்டி ஜெயிக்கக் கூடாது, கை கெட்டிக்காரன்தான் ஜெயிக்க வேண்டும் என்று சட்டம் எழுதினார்கள். எழுதிவிடலாம், அளப்பது யார்? தோட்டத்து ஸ்டோரில் தச்சு வேலை பார்க்கிற உங்கள் மச்சானைக் கூப்பிட்டார்கள். "ஒரு நாள் வந்து அளந்து குடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார்கள். அந்த ஒரு நாளுக்கு இந்தச் சித்திரையோடு பத்தொன்பது வருடம். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, விடிவதற்கு முன்னால் எழுந்து, பன்னிரண்டடி மூங்கில் அளவுகோலைச் சைக்கிளில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு போவார். வழியில் திரும்பும்போதெல்லாம் கோல் யாரையாவது இடிக்கும். இடிபட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடியே பதினொரு மைல் போவார். அளந்து, சரி என்று அவர் தலையாட்டினால்தான் படகு தண்ணீரில் இறங்கும். கூலி கிடையாது. ஒரு தேத்தண்ணீர், இரண்டு மாரி பிஸ்கட். அதிலும் ஒரு பிஸ்கட்டை எனக்கென்று மடித்து எடுத்து வருவார். வருவதற்குள் அது சட்டைப்பையில் மாவாகிவிடும்.

அவருக்கு எழுத்து வராது என்பதால் அளவையெல்லாம் வீட்டுக்கு வந்து வாயால் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை, கோயில் நாள்காட்டியைப் பார்த்து எழுத்துக் கூட்டினவள்தான். ஆனாலும் என் நோட்டில் ஒரு வரி தப்பு இருக்காது. சாமி விளக்கு ஏற்றிவிட்டுத்தான் எழுத உட்காருவேன். விளக்குக்கு முன்னால் பொய் எழுதினால் கை விளங்காமல் போகும் என்று பயம். எத்தனை ஞாயிறு போனார், எந்தப் படகு சரி, எதைத் தள்ளினார் எல்லாம் அதில் இருக்கிறது. நானூற்றுப் பதினொரு ஞாயிறு. என் மகள் செல்லாத்தா பிறந்த ஞாயிறும் அதில் ஒன்று, செத்த ஞாயிறு மட்டும் இல்லை.

பத்தாவது வருடம் தொண்டர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் இருக்கிற ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மாலை ஒன்று குறைந்துவிட்டது. யாருக்குக் குறைந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதோடு விட்டார்களா? "அண்ணே, நீங்க சும்மாதானே நிக்கிறீங்க, மாலைத் தட்டை கொஞ்சம் பிடிங்க" என்று அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார், மாலை எல்லார் கழுத்துக்கும் போயிற்று. பதினைந்தாவது வருடம் போட்டோ. படம் பிடிக்கிற சீனன் பின்னால் ஒரு துணி வேண்டும் என்றான். துணி நிற்க ஆணி இல்லை. "அண்ணே, நீங்க உயரம்லா, பின்னால நின்னு பிடிச்சுக்கங்க." அந்தப் போட்டோ இன்றைக்கும் சங்கத்துக் கொட்டகையில் தொங்குகிறது. உற்றுப் பார்த்தால் துணியின் வலது ஓரத்தில் நான்கு விரல் தெரியும். அதுதான் உங்கள் மச்சான்.

இந்த வருடம் ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாளுக்கு, வருகிற இருபத்தொன்பதாம் தேதி, படகுப் பந்தயம் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வைக்கலாம், பாய் எங்கே? ஒன்றரை வருடமாகத் துணி கிடைக்காமல் சங்கத்துப் பாயெல்லாம் சட்டையும் ரவிக்கையுமாகிவிட்டது. ராமையா டிரேசர் முதுகில் ஏழு என்று பெரிதாக நம்பர் இருக்கிறது. நோயாளிகள் அவரை ஏழாம் நம்பர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாயைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னதும் பாதி டவுன் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் உட்கார்ந்துவிட்டது. முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று, அளவுக்கென்று வைத்திருந்த மூலப் பாய். அது என் தகரப் பெட்டியில் இருந்தது. அண்ணா, நான் கட்டியிருக்கிற புடவையில் ஒட்டுப்போட இனி இடமில்லை, முந்தானையில் கோணித் துண்டு வைத்துத் தைத்திருக்கிறேன். இருந்தும் அந்தப் பாயைத் தொடவில்லை. தொட விடவில்லை அவர். "அதை வெட்டிட்டா அப்புறம் எது சரின்னு எப்படிப் புள்ள தெரியும்?" என்றார். அந்தப் பாயைத் தலையில் சுமந்துகொண்டுபோய் அவர் கொடுத்தார். ஜப்பான் துரை பார்த்து மகிழ்ந்து, இதை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தது யார் என்று கேட்டான். நம் தோட்டத்துக் கிராணி பரஞ்சோதிதான் சங்கத்துக்குச் செயலாளர். அவர் வாய் கூசாமல், "ஸ்டோர் மூலையில கெடந்துச்சுங்க" என்றார். உங்கள் மச்சான் பக்கத்திலேதான் நிற்கிறார்!

அப்புறம் அந்தத் துரை, இந்தச் சங்கத்தை யார் நடத்துகிறார்கள், கூலி எவ்வளவு என்று விசாரித்திருக்கிறான். கூலி கிடையாது, தொண்டர்கள்தான், வருடக்கணக்காகச் சும்மா உழைக்கிறார்கள் என்று மொழிபெயர்க்கிறவன் சொன்னதும் அவனுக்குக் கண் விரிந்துவிட்டதாம். "கூலி இல்லாமலா? எத்தனை பேர்? நல்ல திடமான ஆட்களா?" என்று மூன்று தரம் கேட்டானாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சக்கரவர்த்தி பிறந்தநாளில் மேடையேற்றி மார்பில் வெள்ளைத் துணிப்பூக் குத்தி மரியாதை செய்வோம், நான்கு பேர் பட்டியல் கொடு என்று கிராணியிடம் சொல்லிவிட்டான். வெள்ளைக்காரனுக்குப் பத்தொன்பது வருடத்தில் வராத புத்தி இவனுக்கு ஒரே நாளில் வந்ததே என்று நான் அன்றைக்குச் சாமிக்கு ஒரு சூடம் கூடுதலாகக் கொளுத்தினேன். சூடம் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

பட்டியல் வந்தது. முதல் பேர் பரஞ்சோதி. தன் பேரைத் தானே முதலில் எழுதிக்கொண்டிருக்கிறார், வெட்கம் வேண்டாமா? இரண்டாவது ராமையா டிரேசர். அவர் செய்த தொண்டு சங்கத்துப் பாயில் சட்டை தைத்தது. மூன்றாவது கள்ளுக்கடைக் குழந்தைவேலு. பந்தயத்தன்று ஆற்றங்கரையில் குடித்துவிட்டுப் படுத்திருப்பான். அதைத்தான் கரைக்காவல் என்று சொல்லிப் பேர் வாங்கிவிட்டான், கிராணி வீட்டுக்கு இரண்டு கோழி போனதாகவும் கேள்வி. நாலாவது பேர் இல்லை. ஆள் கிடைக்கவில்லை என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்திருந்த ஜனம் முழுவதும் நின்றது.

"தம்பி, நாலாவது எடம் காலியா இருக்கே, கண்ணு தெரியலயா?"

பரஞ்சோதி தலை நிமிராமல், "பேரச் சொல்லுங்கக்கா, எழுதிக்கறேன்" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நீங்க சொன்னாத்தான் எழுதுவேன்."

பாருங்கள் அந்தக் குசும்பை. கட்டின புருஷன் பேரை நான் எப்படி வாயால் சொல்வேன்? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தரம் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. நோட்டை விரித்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாப் பக்கத்துலயும் அவர் வந்தார், அவர் அளந்தார்னுதான் இருக்கு. எந்த அவர்?" என்றார். ஜனம் சிரித்தது. நானும் விடவில்லை. "பெரிய ஐயாவுக்கு நேர் மாத்துப் பேரு" என்றேன்.

"குட்டி ஐயாவா? அப்படி நம்ம தோட்டத்துல யாரும் இல்லியே."

"தம்பி, வெளையாடாதீங்க. உங்க படகோட பாய்மரத்த ரெண்டு விரக்கட கூடன்னு தள்ளினாரே, அந்த அவர். அந்தக் கோவத்த ஒம்போது வருஷமா வச்சிருந்து இப்பத் தீக்கிறீங்க."

அவர் நோட்டை மூடி என் கையில் வைத்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, பேரு இல்லாம இருக்கறது நல்லதுன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போங்க. அந்த நோட்டையும் பெட்டியில வைங்க" என்றார். எவ்வளவு திமிர்! பேர் இல்லாமல் இருப்பது நல்லதாம்! அப்பா காலத்தில் ஒரு நாள் பெரட்டில் பேர் கூப்பிட விட்டுப்போய், அந்த நாளுக்கு அரிசி இல்லை என்று திருப்பி அனுப்பினார்களே, நீங்களும் நானும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தோமே, மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டத்தில் பட்டியலில் பேர் இருக்கிறவன்தான் மனுஷன். இதை நான் கிராணிக்குச் சொல்லித் தர வேண்டுமா?

வீட்டுக்கு வந்து உங்கள் மச்சானிடம் சொன்னேன். "விடு புள்ள, பந்தயம் முடிஞ்சதும் பாயத் திருப்பிக் குடுத்தாப் போதும்" என்றார். சொல்லிவிட்டு அளவுகோலை எடுத்து நெடுநேரம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சமையலுக்கு இல்லாத எண்ணெய். அண்ணா, அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அந்த மனுஷர் கழுத்து மாலையைப் பார்த்ததில்லை, மேடையைப் பார்த்ததில்லை. ஒரு துணிப்பூ. ஒரு விரற்கடைத் துணியில் ஒரு பூ. அதுவும் அநேகமாக என் பெட்டியிலிருந்து போன பாயில் வெட்டினதாகத்தான் இருக்கும்.

பட்டியலை டைப் அடிக்க டவுனில் ஜப்பான்காரர் நடத்தும் உங்கள் ஆபீசுக்குத்தான் அனுப்பப் போகிறார்கள் என்று கேள்வி. நீங்கள் அங்கே ஜப்பான் பாஷையில் வணக்கம் சொல்லி நல்ல பேர் எடுத்திருப்பதாகவும் கேள்வி. நாலாவது இடத்தில் அவர் பேரை ஏற்றிவிடுங்கள். அத்தாட்சி கேட்டால் நோட்டை அனுப்புகிறேன். பரஞ்சோதி பொய்ப் பட்டியல் கொடுத்தார் என்பதையும் ஆபீசருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நாலு அறை வாங்கினால்தான் அவருக்கு உறைக்கும்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாகச் சொல்லுங்கள். மூத்தவனுக்கு இருமல் இருந்தால் தூதுவளை கொடுங்கள். தண்ணீர்மலையான் உங்களுக்கு நீண்ட ஆயுளும் அரிசிச் சோறும் தர வேண்டுகிறேன்.

தங்கை,
மருதம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, அதை உங்களிடம் கொண்டுவர டவுனுக்குக் கிழங்கு விற்கப் போகிற பாப்பம்மா கூடையோடு வருவாள் என்று காத்திருந்தேன். பாப்பம்மா வரவில்லை, பரஞ்சோதி வந்தார். பின்வாசல் வழியாக வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"அக்கா, உங்க அண்ணனுக்கு ஏதாச்சும் எழுதினீங்களா?"

"எழுதினேன். உங்களப் பத்தித்தான் எழுதினேன்."

"அனுப்பிட்டீங்களா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன். கரங்கான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், காவடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற தொண்டர்களுக்கு இதே மாதிரி மரியாதை செய்தார்களாம். மேடை போட்டு, வாத்தியம் வைத்து, மார்பில் வெள்ளைப்பூக் குத்தினார்களாம். மேடைக்குப் பின்னால் லோரி நின்றதாம். "பூக் குத்தினவங்கள மட்டும் ஏத்தினாங்கக்கா. அடையாளம் தெரியணும்ல, அதுக்குத்தான் பூ. சயாமுக்கு ரயில் பாதை போட." அவருடைய சித்தப்பா மகனும் அதில் போனானாம், போனவர்களில் ஒருவரும் இதுவரை திரும்பவில்லையாம். பட்டியல் கேட்பதற்கு நான்கு நாள் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா உங்க பேர எழுதினீங்க?"

"செயலாளர் பேரு இல்லாம பட்டியல் குடுத்தா நம்புவானா? ஒருத்தரும் இல்லேன்னா பெரட்டுப் புத்தகத்தையே தூக்கிட்டுப் போவேன்னான். மத்த ரெண்டு பேரையும் வேணாம்னேன். காரணம் சொல்ல முடியல. கோழியக் கொண்டாந்து கட்டிட்டுப் போனாங்க. நாலாவது ஆளு கெடையவே கெடையாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். உங்க வாயில அந்தப் பேரு வராதுங்கற ஒரே தைரியத்துலதான் அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் கேட்டேன்." போகும்போது, "போட்டோவுலயும் அவரு இல்ல, நாலு விரல்தான். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றார். அந்த இரண்டு விரற்கடை பாய்மரம் நியாயமாகத்தான் தள்ளப்பட்டது என்றும் சொன்னார்.

அவர் போய் அரை மணியில் குழந்தைவேலு அழுதுகொண்டு வந்தான். அவனுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. "யக்கா, நான் ஒரு நாளுகூட ஒரு வேலையும் செய்யலேன்னு உங்க நோட்டுல இருக்கும்ல? அதக் குடுங்கக்கா, கொண்டுபோய்க் காட்டறேன். கையெடுத்துக் கும்பிடறேன்." இருக்கிறது. அவன் ஒரு வேலையும் செய்யவில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி என் நோட்டுதான். ஆனால் அதை விரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஓர் "அவர்" இருக்கிறார். யார் அந்த அவர் என்று இந்த முறை கேட்கிறவன் சிரிக்க மாட்டான். கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அப்போது நோட்டு அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது, மேலே கிழங்கு வெந்துகொண்டிருந்தது. குழந்தைவேலு பொய்யன்தான் அண்ணா. ஆனாலும் சயாமுக்குப் போகிற அளவுக்குப் பொய்யன் இல்லை.

உங்கள் மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அளவுகோலை எடுத்து வெட்டிப் பாகல் பந்தலுக்கு நட்டுவிட்டார். மூன்று துண்டு. அளந்துதான் வெட்டியிருக்கிறார், மூன்றும் ஒரே உயரம்.

பிச்சை உங்களிடம் சொன்னானா, மறந்தானா தெரியவில்லை. மறந்திருக்க வேண்டும் என்று கடைசிச் சூடத்தையும் கொளுத்திவிட்டேன். எந்த ராகுகாலத்தில் கொளுத்தினேன் என்று பார்க்கவில்லை. அவன் சொல்லியிருந்து, நீங்கள் பேரை ஏற்றியிருந்தால் எப்படியாவது எடுத்துவிடுங்கள். இந்தப் பக்கங்களைப் படித்ததும் அடுப்பில் வையுங்கள். தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். பந்தய முடிவு அச்சடித்த பக்கத்தைப் பழைய நாள்காட்டித் தாள் ஒட்டி மறைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் அதை மட்டும் காட்டுங்கள்.

*

சிடாம் கிரி இரண்டாம் டிவிசன் லயனில் இருக்கும் மருதம்மாள் சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொடுக்கும் சாட்சி. பாய்ப்படகுச் சங்கத்தில் கூலி வாங்காமல் உழைத்த தொண்டர்கள் மூன்று பேர்தான். கிராணியார் பரஞ்சோதி நேர்மையான மனிதர், அவர் கொடுத்த பட்டியல் சரி. நாலாவது பேர் கிடையாது. என் கணவர் சின்னையாவுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். சின்னையாவுக்கு அளக்கத் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட சின்னையா அந்த ஆற்றுப் பக்கம் போனதில்லை. நான் பொய் எழுதுகிறவள் இல்லை என்பதை லயனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மருதம்மாள்